தேய்க்காமல் கழுவுதல்

அடுக்களைப் பொறிகளின் வரலாறு – பகுதி 9

துணி துவைக்கும் பொறியைப் பற்றிய சென்ற பகுதி, துணியின் இயல்பே அப்பொறியை உருவாக்கியவர்களுக்குப் பாதி உதவியாக அமைந்தது என்று காட்டி முடிந்தது. துணி வளையும், மடியும், முறுக்கிப் பிழிந்தாலும் உதறிக் காயப்போட்டதும் தன் வடிவுக்குத் திரும்பும். ஆகவே ஒரு தொட்டி, அதற்குள் ஒரு துடுப்பு, அதை அசைக்க ஒரு கைப்பிடி என்ற மூன்றைக் கொண்டே தொடக்ககாலத் துவைப்புப் பொறிகள் ஓரளவு வேலை செய்துவிட்டன. உண்ட பின் சேரும் பற்றுப் பாத்திரங்களின் நிலை வேறு. பீங்கான் தட்டு வளையாது, இடித்தால் விளிம்பு சிதறும், விழுந்தால் உடையும். ஒரே விருந்தின் முடிவில் அகலத் தட்டு, குழிந்த கிண்ணம், காதுள்ள கோப்பை, அதன் சாசர், நீண்ட கரண்டி என்று ஒன்றோடொன்று ஒவ்வாத வடிவங்கள் குவியும். அவற்றில் ஒட்டியிருப்பதும் ஒரே அழுக்கன்று, உறைந்த கொழுப்பு, உலர்ந்த மாவுப்பசை, முட்டைக்கரு, காப்பிக் கறை எனப் பலவகைப்பட்டது. இவற்றைக் கழுவும் மனிதக் கை ஒரே நேரத்தில் மூன்று செயல்களைச் செய்கிறது: பாத்திரத்தை நழுவாமல் பிடிக்கிறது, அழுக்கைத் தேய்த்து நீக்குகிறது, விரல் நுனியால் தடவி அழுக்குப் போயிற்றா என்று சோதிக்கிறது. இம்மூன்றையும் பொறியிடம் ஒப்படைக்க முயன்றவர்களில் முன்னோடிகள் இரண்டாவதை மட்டுமே சிக்கலாகக் கருதினர் என்பதும், முதலாவதைத் தீர்த்தால் இரண்டாவதற்கு வேறு வழி திறக்கும் என்று கண்டவரே வென்றார் என்பதும் இந்தப் பகுதியின் பொருள்.

அறியப்பட்ட முதல் முயற்சி அமெரிக்காவுக்கு உரியது. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜோயல் ஹௌட்டன் என்பவர் 1850ஆம் ஆண்டில் பாத்திரம் கழுவும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமை என்பது ஒரு கண்டுபிடிப்பைப் பிறர் செய்து விற்காதவாறு தடுக்கும் உரிமையைக் குறித்த கால அளவுக்கு அரசு வழங்கும் ஆவணமாகும்; அதற்கு ஈடாக, உரிமை பெறுபவர் தம் பொறியின் அமைப்பைப் படத்தோடும் விளக்கத்தோடும் ஊரறிய வெளியிட வேண்டும். பிற்காலத்தில் ஒரு பொறி எவ்வாறு எண்ணப்பட்டது என்பதை அறிய, விற்பனை விளம்பரங்களைக் காட்டிலும் இந்த ஆவணங்களே நம்பத்தக்க சான்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஹௌட்டனின் பொறி மரத்தால் ஆனது. கையால் திருப்பப்படும் ஒரு சக்கரம், தொட்டியிலிருந்த நீரை வாரிப் பாத்திரங்களின் மேல் தெறிக்கச் செய்தது. தெறித்த நீருக்கு விசையும் இல்லை, திசையும் இல்லை. மேலே பட்ட இடம் நனைந்தது, மறைந்த இடம் நனையாமல் போயிற்று. கொழுப்பேறிய தட்டை நனைப்பது வேறு, கழுவுவது வேறு என்பதால், இப்பொறி பழக்கத்துக்கு வரவில்லை.

1860களில் எல். ஏ. அலெக்ஸாண்டர் என்பவர் பெற்ற காப்புரிமை ஒரு படி முன்னேறியது. அவருடைய அமைப்பில் தட்டுகள் ஓர் அடுக்கில் செருகி வைக்கப்பட்டன. கைப்பிடியைத் திருப்பும்போது பற்சக்கரங்களின் வழியே அந்த அடுக்கு முழுவதும் தொட்டி நீருக்குள் சுழன்றது. தட்டுகளைக் குவியலாகப் போடாமல் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும் என்ற கருத்து இங்கே தலைகாட்டியது குறிப்பிடத்தக்கது. ஆயினும், தேங்கிய நீருக்குள் தட்டுகளைச் சுழற்றும்போது அந்த நீரும் சற்று நேரத்தில் தட்டுகளோடு சேர்ந்தே சுழலத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் இடையே வேக வேறுபாடு குறையக் குறைய, அழுக்கை இழுத்து அகற்றும் உராய்வும் குறைந்துவிடும். கழன்று வந்த கொழுப்போ நீரின் மேல் படலமாக மிதந்து, அடுக்கை வெளியே தூக்கும்போது சுத்தமான தட்டுகளின் மேலேயே மறுபடியும் படியும். தொட்டியில் முக்கிக் கழுவும் எந்த முறைக்கும் உள்ள இந்தக் குறையைக் கையால் கழுவுபவர் அடுத்த வாளி நீரில் அலசித் தீர்த்துக்கொள்கிறார். அலெக்ஸாண்டரின் பொறிக்கு அந்த அடுத்த வாளி இல்லை.

வெற்றி பெற்ற வடிவத்தை உருவாக்கிய ஜோசபின் காக்ரேன் 1839இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை ஜான் காரிஸ் பொறியாளர். ஆற்றோர ஆலைகளின் மேற்பார்வையில் அனுபவம் உள்ளவர். 1787இல் பிலடெல்பியாவை ஒட்டிய டெலவேர் ஆற்றில் நீராவிப் படகை ஓட்டிக் காட்டிய ஜான் ஃபிட்ச், தாய்வழியில் அவருடைய மூதாதை என்று குடும்பத்தார் கூறிவந்தனர். மகளுக்கு முறையான பொறியியல் கல்வி கிடைக்கவில்லை. 1858இல், 19ஆம் வயதில், வில்லியம் காக்ரேன் என்ற துணி வணிகரை மணந்து இலினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் என்னும் சிற்றூரில் வாழ்ந்த அவர், செல்வக் குடும்பத்து இல்லத்தரசியாகவே அறியப்பட்டார். பரம்பரையாக வந்த விலையுயர்ந்த பீங்கான்களைப் பணியாளர்கள் கழுவும்போது விளிம்புகள் சிதறியதாகவும், அதனால் சினந்து தாமே கழுவத் தொடங்கியதாகவும், அந்த வேலையின் அலுப்பே பொறியைப் பற்றிச் சிந்திக்க வைத்ததாகவும் ஒரு செய்தி திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுவருகிறது. அதைப் பொய்யென்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் சிதறிய பீங்கான் ஓர் எண்ணத்தைத் தோற்றுவிக்கப் போதுமானதே தவிர, அந்த எண்ணத்தைத் தொழிற்சாலை வரை இழுத்துச் செல்லும் வலிமை அதற்கு இல்லை. அந்த வலிமையைத் தந்தது கடன். 1883இல் கணவர் இறந்தபோது விட்டுச் சென்றது சிறிதளவு ரொக்கமும் அதனினும் பெரிய கடன் சுமையும்தான். நாற்பதுகளின் நடுவில் கைம்பெண்ணாக நின்றவருக்கு, அதுவரை பொழுதுபோக்காக இருந்திருக்கக்கூடிய ஒரு சிந்தனை பிழைக்கும் வழியாக மாறியது. புகழ்பெற்ற இந்தக் கதையைச் சொல்பவர்கள் உடைந்த கோப்பையில் தொடங்கிக் கடனை ஒரு வரியில் கடந்துவிடுவது வரலாற்றின் எடையைத் தலைகீழாக்குகிறது.

பொறியின் முதல் வடிவம் ஷெல்பிவில் வீட்டின் பின்புறமிருந்த விறகுக் கொட்டகையில் உருவாயிற்று. உடனிருந்து உதவியவர் ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற இயந்திரப் பணியாளர். பின்னாளில் தொழிற்சாலை தொடங்கியபோது அதன் பொறுப்பையும் ஏற்றவர் இவரே. காக்ரேன் முதலில் செய்தது எந்தச் சக்கரத்தையும் வரைவதன்று. தம் வீட்டுத் தட்டு, கோப்பை, சாசர் ஆகியவற்றை அளந்து, ஒவ்வொரு வகைக்கும் பொருந்துமாறு கம்பியால் தனித்தனி அறைகளை வளைத்தார். தட்டுக்கு ஏற்ற அறையில் தட்டு நிமிர்ந்து நின்றது. கோப்பைக்கு ஏற்ற அறையில் கோப்பை அமர்ந்தது. ஒன்று மற்றொன்றின் மேல் மோதாத அளவுக்கு இடைவெளி விடப்பட்டது. இந்தக் கம்பி அறைகள், செப்புக் கொப்பரை ஒன்றினுள் கிடையாகப் படுத்திருந்த சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தப்பட்டன. கைப்பிடியைத் திருப்பினால் சக்கரம் சுழலும். அதே நேரத்தில் கொப்பரையின் அடியிலிருந்து பம்பின் வழியாகச் சூடான சோப்பு நீர் மேல்நோக்கிப் பீறிட்டுப் பாத்திரங்களின் மேல் பொழியும். பின்பு சோப்பில்லாத தெளிந்த வெந்நீர் பாய்ச்சப்பட்டு அலசல் முடியும்.

இந்த அமைப்பை முந்தையவற்றிலிருந்து பிரிப்பது எது என்று நிதானித்துப் பார்க்க வேண்டும். தூரிகையோ தேய்ப்பானோ அதில் இல்லை. பாத்திரம் கழுவும் பொறி என்றால் மனிதக் கையைப் போலத் தேய்க்கும் ஏதோ ஓர் உறுப்பு இருந்தாக வேண்டும் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். ஆனால் தேய்க்கும் உறுப்பு ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏற்ப நெளிய வேண்டும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும், கோப்பையின் உட்புறத்துக்கும் காதின் இடுக்குக்கும் செல்ல வேண்டும். அத்தனைக்கும் ஈடுகொடுக்கும் உறுப்பை அன்றைய எந்தப் பட்டறையாலும் செய்திருக்க முடியாது. நீருக்கு இயல்பாகவே வடிவமில்லை என்பதால் அது எந்த வடிவத்துக்குள்ளும் நுழையும். தேவையான விசையைப் பம்பு கொடுத்தால் தேய்ப்பதற்குரிய பணியை நீரே செய்யும். எனினும் விசையோடு வரும் நீர் தளர்வாகக் கிடக்கும் தட்டைத் தூக்கி எறிந்துவிடும். மிதமான நீர் அழுக்கை நீக்காது. ஆகவே நீரின் விசையைக் கூட்ட வேண்டுமானால் தட்டை அசையாமல் பிடித்தாக வேண்டும். கம்பிக் கூடையும் பாய்ச்சும் நீரும் இரண்டு தனிக் கண்டுபிடிப்புகள் அல்ல, ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது என்பதை காக்ரேனின் பொறியே முதலில் தெளிவாகக் காட்டியது.

வெப்பமும் இதே வழியில் பொறியின் பக்கம் சேர்ந்தது. விலங்குக் கொழுப்பு அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும். சூடேறினால்தான் உருகி வழியும். கழுவுபவரின் கை தாங்கக்கூடிய நீரின் வெப்பம் 45 டிகிரி செல்சியஸை ஒட்டியே முடிந்துவிடுவதால், கையால் கழுவும்போது கொழுப்பு அரைகுறையாக இளகி, தேய்ப்பின் உதவியாலேயே போகிறது. கை உள்ளே நுழையாத மூடிய கொப்பரையில் அந்த எல்லைக்கு இடமில்லை. கொதிநிலையை நெருங்கும் நீரைப் பாய்ச்சினால் கொழுப்பு தானாகவே கழன்று ஓடும். அதோடு, அலசி முடித்த தட்டு அந்தச் சூட்டைத் தனக்குள் வைத்திருந்து, மேலே தங்கிய ஈரத்தைச் சில நிமிடங்களில் ஆவியாக்கிவிடும். துடைக்கும் துணி தேவையற்றுப் போனது ஒரு சிறு வசதியாகத் தோன்றலாம். ஒரே ஈரத் துணியால் நூறு தட்டுகளைத் துடைக்கும் உணவகச் சமையற்கட்டில், அந்தத் துணியே நோய்க்கிருமிகளைத் தட்டுக்குத் தட்டு எடுத்துச் சென்றது என்பதை நினைத்தால் அதன் பொருள் விளங்கும். அமெரிக்காவின் வணிகச் சமையற்கட்டுகளில் இறுதி அலசல் நீர் 82 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது என்று பிற்காலத்தில் வந்த சுகாதார நெறி, இந்த வாய்ப்பைத்தான் விதியாக்கியது.

கம்பிக் கூடைக்கு ஓர் எல்லையும் உண்டு. அது அகன்று திறந்த வாயுள்ள, ஆழம் குறைந்த பாத்திரத்தை நம்பி வகுக்கப்பட்டது. ஒரே அளவில் டஜன் கணக்கில் வாங்கப்படும் மேலைநாட்டு விருந்துத் தட்டு அதற்கு மிகவும் பொருந்தியது. கழுத்துக் குறுகி வயிறு பெருத்த செம்பும் குடமும் புழங்கிய ஓர் அடுக்களையிலிருந்து இந்தப் பொறி பிறந்திருக்க முடியாது, ஏனெனில் கீழிருந்து நேர்க்கோட்டில் வரும் நீர் அக்கழுத்தைத் தாண்டி உட்புறத்தின் தோள்பகுதியைத் தொடுவதே அரிது. ஒரு பொறி தான் தோன்றிய இடத்தின் உணவு மேசையைத் தன் உடலுக்குள் சுமந்திருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

1885ஆம் ஆண்டின் கடைசி நாளில் தாக்கல் செய்யப்பட்ட விண்ணப்பத்தின் பேரில், 1886 டிசம்பர் 28 அன்று 355139 என்ற எண்ணுள்ள காப்புரிமை காக்ரேனுக்கு வழங்கப்பட்டது. பெண்ணின் பெயரில் காப்புரிமைகள் மிக அரிதாகவே பதிவான காலம் அது. காகிதத்தில் உள்ள உரிமையைப் பொறியாக்கும் இடத்தில்தான் இடர்கள் தொடங்கின. தாம் வேலைக்கு அமர்த்திய ஆண்கள் தம் சொற்படி செய்யாமல், தங்கள் வழியே சிறந்தது என்று முயன்று, அது தோற்ற பிறகே தம் வழிக்கு வந்தனர் என்றும், அந்த ஒவ்வொரு தோல்விக்கான செலவும் தம் தலையிலேயே விழுந்தது என்றும் அவர் பின்னாளில் குறைகூறியிருக்கிறார். முதலீடு செய்ய முன்வந்தவர்களும் நிருவாகத்தைத் தங்களிடம் விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்த்தனர். அதற்கு இசையாததால், பெருமுதல் இல்லாமல், ஒவ்வொரு பொறியின் விற்பனையிலிருந்து அடுத்த பொறிக்கு வழிதேடும் சிறுதொழிலாகவே காரிஸ்-காக்ரேன் என்ற பெயரில் அவருடைய நிறுவனம் நடந்தது. பொறிகளைத் தொடக்கத்தில் பிறருடைய பட்டறைகளே ஒப்பந்தத்தில் செய்து தந்தன.

வாங்கியவர்கள் யார் என்பதில்தான் இந்த வரலாற்றின் திருப்பம் இருக்கிறது. தம்மைப் போன்ற இல்லத்தரசிகளுக்காக எண்ணப்பட்ட பொறியை அவர் விற்க முடிந்தது ஓட்டல்களுக்கே. 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்து மீண்டும் எழுந்த சிகாகோ நகரின் மிகப் பெரிய விடுதிகளில் ஒன்றான பாமர் ஹவுஸ் தொடக்கத்திலேயே வாங்கியது. அடுத்து அதே நகரின் ஷெர்மன் ஹவுஸ். இந்த இரண்டாவது விடுதிக்குத் துணைக்கு ஆளின்றித் தனியே சென்று, அதன் பெரிய முன்கூடத்தைக் கடந்து மேலாளரைச் சந்தித்தது தம் வாழ்வின் மிகக் கடினமான செயல்களுள் ஒன்று என்று காக்ரேன் பிற்காலப் பேட்டி ஒன்றில் கூறினார். கணவரோ தந்தையோ உடனின்றி ஒரு விடுதியின் முன்கூடத்தில் அவர் அதற்குமுன் கால்வைத்ததே இல்லை. மயங்கி விழுந்துவிடுவோமோ என்று அஞ்சியபடி சென்றவர், 800 டாலர் மதிப்புள்ள கொள்முதல் ஆணையோடு திரும்பினார்.

1893 மே முதல் அக்டோபர் வரை, கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த 400ஆம் ஆண்டு நிறைவை ஒட்டிச் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி இந்த நிறுவனத்துக்குப் பெரும் வாய்ப்பாக அமைந்தது. இயந்திர மண்டபத்தில் காக்ரேனின் பொறி காட்சிக்கு வைக்கப்பட்டது. அதைவிட முக்கியமாக, கண்காட்சித் திடலில் பார்வையாளர்களுக்கு உணவளித்த உணவகங்களில் அவருடைய ஒன்பது பொறிகள் நாள்தோறும் வேலை செய்தன. நடுவர்கள் அதன் இயந்திர அமைப்பையும், உறுதியையும், செய்யும் வேலைக்கேற்ற பொருத்தத்தையும் பாராட்டி விருது அளித்தனர். ஐந்து முதல் இருபது டஜன் வரையான பாத்திரங்களை இரண்டே நிமிடங்களில் கழுவி, அலசி, உலர்த்தும் என்று நிறுவனத்தின் விளம்பரம் கூறியது. விளம்பரத்தின் கணக்கில் வழக்கமான மிகை இருந்திருக்கலாம். எனினும் பெரிய பொறிகள் கைப்பிடியை விட்டு நீராவி எஞ்சினோடு இணைக்கப்பட்டிருந்தன என்பதையும், விடுதிகளில் கொதிகலன் எப்போதும் கனன்றுகொண்டிருந்ததால் வெந்நீருக்குப் பஞ்சமில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கழுவும் நேரம் நிமிடக் கணக்கில் அடங்கியது வியப்பன்று. கண்காட்சிக்குப் பின் மருத்துவமனைகளும் கல்லூரி விடுதிகளும் வாங்கத் தொடங்கின. 1898இல் சிகாகோவில் கைவிடப்பட்ட பள்ளிக் கட்டடம் ஒன்றில் நிறுவனத்தின் சொந்தத் தொழிற்சாலை அமைந்தது.

வீடுகள் மட்டும் வாங்கவில்லை. காரணங்கள் பல அடுக்குகளாக இருந்தன. முதலாவது வெந்நீர்: ஒரு முறை கழுவி அலச இந்தப் பொறி கேட்ட அளவு வெந்நீரைத் தரக்கூடிய கொதிகலன் அன்றைய பெரும்பாலான வீடுகளில் இல்லை, அடுப்பில் அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றுவதென்றால் கையாலேயே கழுவிவிடலாம். இரண்டாவது நீரின் தன்மை. நிலத்தடிப் பாறையிலிருந்து சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்து வந்த நீர் கடினநீர் எனப்படுகிறது. சோப்பு இந்த உப்புகளோடு சேர்ந்தால் நுரைக்காமல், கரையாத வெள்ளைக் கசடாகத் திரியும். கையால் கழுவுபவர் அந்தக் கசடைத் துணியால் துடைத்துவிடுவார். தானாக உலரும் பொறியிலோ அது கோப்பையின் மேல் மங்கிய படலமாகக் காய்ந்து நின்றது. மூன்றாவது காரணம் குடும்பக் கணக்கு: பொறியை வாங்க வசதியுள்ள வீட்டில் அதைவிடக் குறைந்த செலவில் பணிப்பெண் இருந்தார், பணிப்பெண் வைக்க வசதியற்ற வீட்டுக்குப் பொறி எட்டாக்கனி. இவற்றுக்கும் மேலாக, இரவு உணவுக்குப் பின் பாத்திரம் கழுவும் நேரம் ஓய்வாகப் பேசிக்கொண்டிருக்கும் நேரம் என்றும், உண்மையில் உடலை வதைப்பது துணி துவைப்பதே என்றும் பல பெண்கள் கருதினர். இந்தக் கடைசிக் காரணத்தைப் பொறி வரலாற்று நூல்கள் வேடிக்கைச் செய்தியாக எழுதிவிடுகின்றன. எந்த வேலை முதலில் பொறியிடம் போக வேண்டும் என்பதில் அந்த வேலையைச் செய்தவர்களின் தீர்ப்பு பொறியாளர்களின் தீர்ப்பைவிடத் துல்லியமாக இருந்தது என்றே அதைக் கொள்ள வேண்டும்.

காக்ரேன் 1913இல் சிகாகோவில் காலமானார். இறுதிவரை வடிவமைப்பைத் திருத்திக்கொண்டிருந்ததற்குச் சான்றாக, அவர் பெயரில் கடைசிக் காப்புரிமை 1917இல், அவர் மறைவுக்குப் பின்னரே, வெளிவந்தது. நிறுவனம் கிரசென்ட் என்ற பெயருக்கு மாறி, 1926இல் ஒஹையோ மாநிலத்தின் ட்ராய் நகரைச் சேர்ந்த ஹோபார்ட் நிறுவனத்திடம் சென்றது. உணவகங்களுக்கான மாவு பிசையும் பொறிகளைச் செய்துவந்த அந்த நிறுவனத்துக்குப் பாத்திரம் கழுவும் பொறி இயல்பான அடுத்த சரக்கு.

இதற்கிடையே வீட்டுப் பொறியின் சிக்கலை வேறு கோணத்தில் அணுகியவர் வில்லியம் ஹோவர்ட் லிவென்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். முதல் உலகப் போரில் நச்சுவாயுக் கலங்களைப் பகைவர் அகழிகளின் மேல் எறியும் கருவியை வகுத்து, அதற்குத் தம் பெயரையே கொடுத்துச் சென்ற அதே லிவென்ஸ் 1924இல் ஒரு சிறிய வீட்டுப் பாத்திரம் கழுவும் பொறியை வடிவமைத்தார் என்பது, ஒரே மூளையிலிருந்து எத்தகைய பொறிகள் வெளிவரலாம் என்பதற்கு உறைக்கும் எடுத்துக்காட்டு. காக்ரேனின் அமைப்பில் பாத்திரங்கள் சுழன்றன, நீர் ஓரிடத்திலிருந்து வந்தது. லிவென்ஸ் இதைத் திருப்பிப் போட்டார்: முன்புறம் கதவுள்ள பெட்டிக்குள் கம்பிக் கூடை அசையாமல் நின்றது, நீரைத் தெளிக்கும் குழல் சுழன்றது. இந்த இடமாற்றம் சிறியதன்று. நூறு தட்டுகளைச் சுமந்த சக்கரத்தைச் சுழற்றப் பெரும் விசையும் உறுதியான அச்சும் வேண்டும். துளைகளிட்ட ஒரு மெல்லிய குழலைச் சுழற்ற, அதன் துளைகளைச் சற்றே சாய்த்து வைத்தால் வெளியேறும் நீரின் எதிர்விசையே போதும். பின்னால் இக்குழல் சுழலும் தெளிப்புக் கை என்ற பெயரில் நிலைத்தது. ஒரு தட்டின் நிழலில் மற்றொரு தட்டு மறைந்துவிடும் சிக்கலையும் அது தீர்த்தது, ஏனெனில் தெளிப்பு ஒரே இடத்திலிருந்து வராமல் சுற்றிச் சுற்றி வருவதால், ஒரு கணம் மறைந்த இடம் மறுகணம் நேர்ப்படும். இன்றைய வீட்டுப் பொறியைத் திறந்தால் காணும் கதவு, கூடை, சுழலும் கை ஆகிய மூன்றும் லிவென்ஸின் வடிவத்தில் இருந்தன. ஆனால் 1920களின் வீடு அதற்குத் தயாராக இல்லை. அமெரிக்காவிலேயே 1920இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குத்தான் மின்சாரம் இருந்தது. குழாயில் வெந்நீர் வரும் வீடுகளும் எங்கும் பரவியிருக்கவில்லை. ஜெர்மனியின் மீல நிறுவனம் 1929இல் மின்சாரத்தால் இயங்கும் பொறியை ஐரோப்பாவில் விற்கத் தொடங்கியது. ஹோபார்ட் நிறுவனம் கிச்சன்எய்ட் என்ற தன் வணிகப் பெயரில் வீட்டுக்கான பொறியைக் கொண்டுவர 1949 வரை ஆயிற்று.

அந்த இடைவெளியில் நிகழ்ந்த மாற்றம் பொறியில் அன்று, பொடியில். சோப்பு நுரைப்பது கையால் கழுவுபவருக்கு நிறைவு தரும். பொறிக்கு அதுவே பகை, ஏனெனில் பம்புக்குள் நுரை புகுந்தால் நீரோடு காற்றும் இழுக்கப்பட்டுத் தெளிப்பின் விசை வீழ்ந்துவிடும். ஆகவே நுரைக்காமல் கொழுப்பை அகற்றும் காரப் பொருள்களும், கடினநீரின் சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு படலமாகப் படியவிடாமல் தடுக்கும் பாஸ்பேட் உப்புகளும் கலந்த தனிப்பொடிகள் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் உருவாயின. பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் 1955இல் கேஸ்கேட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது அவற்றுள் பெயர்பெற்றது. வெள்ளைப் படலம் என்ற பழைய குறை இவ்வாறு தீர்ந்ததே வீட்டுப் பொறியின் பரவலுக்கு மின்சாரத்துக்கு நிகரான காரணம். காரம் மிகுந்த அந்தப் பொடிகள் அலுமினியப் பாத்திரங்களைக் கறுக்கச் செய்தன. பாஸ்பேட்டோ கழிவுநீரோடு ஏரிகளுக்குச் சென்று பாசியை வளர்த்தது. அமெரிக்க மாநிலங்கள் பல 2010 ஜூலை முதலும், ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதலும் அதை வீட்டுப் பொடிகளிலிருந்து ஏறக்குறைய விலக்கின. அதன் இடத்துக்கு வேறு உப்புகள் வந்தன. புரதத்தையும் மாவுச்சத்தையும் சிதைக்கும் நொதிகளும் இப்போது பொடிகளில் சேர்கின்றன. நொதி என்பது ஒரு வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் உயிர்ப்புரதம், மிதமான சூட்டில்தான் அது வேலை செய்யும், கொதிநீரில் செயலிழந்துவிடும்.

பொடியும் பொறியும் ஒன்றையொன்று எவ்வாறு ஈடுசெய்கின்றன என்பதை 1959இல் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவன வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் ஒரு வட்டப்படமாக வகுத்தார். வேதிப்பொருள், விசை, வெப்பம், காலம் என்ற நான்கின் கூட்டே கழுவுதல்; ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஏதேனும் ஒன்றைக் கூட்டியாக வேண்டும் என்பது அதன் சாரம். காக்ரேனின் பொறி பெரும் அளவு வெந்நீரையும் எஞ்சின் விசையையும் செலவழித்து நேரத்தை மிச்சப்படுத்தியது. இன்றைய வீட்டுப் பொறி, ஏறத்தாழ பத்து லிட்டர் நீரையே வடிகட்டி வடிகட்டி மீண்டும் மீண்டும் பாய்ச்சுகிறது. மின்சாரத்தில் பெரும்பங்கை விழுங்குவது நீரைச் சூடாக்கும் வேலையே என்பதால் வெப்பத்தைத் தாழ்த்திவைக்கிறது. அந்த மிதமான சூட்டில் நொதிகள் மெதுவாக மாவுப்பசையைக் கரைக்கக் காத்திருக்கிறது. சிகாகோ விடுதியில் இரண்டு நிமிடத்தில் முடிந்ததாக விளம்பரம் சொன்ன வேலை, சிக்கனத் திட்டத்தில் ஓடும் வீட்டுப் பொறியில் மூன்று மணி நேரத்தைத் தொடுவது இதனால்தான்.